மஞ்சள் கோடு விழாத தங்கம்: டிரான்சில்வேனியாவில் ஆறு நாள்

நாள் 1, வியன்னா

அப்பா பொற்கொல்லர். கும்பகோணத்தில் எட்டடிக்கு ஆறடி கடை. யார் என்ன நகை கொண்டுவந்தாலும் கறுப்பு உரைகல்லை எடுத்து ஒரு இழுப்பு இழுப்பார். கோட்டின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சே தொடங்கும். நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. வேதியியல் வாத்தியாராகிப் பிள்ளைகளுக்கு உப்புப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டேன். ஆனாலும் தங்கம் என்றால் மஞ்சள் கோடு என்பது மண்டையில் பதிந்துவிட்டது. கறுப்புக் கோடு விழுந்தாலும் உள்ளே தங்கம் இருக்கிற கல் ஒன்று உண்டு என்று படித்த நாளிலிருந்து, அதை நேரில் பார்க்காமல் விடுவதில்லை என்று ஒரு பைத்தியம்.

அண்ணன் மகன் வியன்னாவில் வேலை பார்க்கிறான். "சித்தப்பா, ஒரு கல்லப் பாக்கவா இவ்ளோ தூரம்?" என்று சிரித்தான். சிரித்தாலும் ஆறு நாள் லீவு போட்டுவிட்டான்.

இங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் முதல் அறைகள் எல்லாமே கனிமங்கள். அவன் நேராக விண்கல் அறைக்குப் போய்விட்டான். நான் பழைய மரப்பெட்டிகளின் கண்ணாடி மேல் மூக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் கிடைத்தது. இளஞ்சிவப்புக் கல் ஒன்று, அதன் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய தகடுகள். எரிந்த காகிதத்தின் சாம்பல் உதிராமல் அப்படியே நிற்குமே, அது மாதிரி. ஓரங்கள் கொஞ்சம் வளைந்திருந்தன. பளபளப்பு உண்டு, ஆனால் ஈயத்தின் பளபளப்பு. சீட்டில் நாக்யாகைட் என்று போட்டிருந்தது.

இது தங்கத் தாது. ஈயம், ஆண்டிமனி, கந்தகம், டெல்லூரியம், தங்கம் என்ற ஐந்து தனிமங்களும் சேர்ந்தது. எடையில் நூற்றுக்குப் பத்தை ஒட்டித் தங்கம் இருக்கும். மோஸ் கடின அளவில் ஒன்றரைதான், நகத்தால் கீறிவிடலாம். தண்ணீரைப்போல் ஏழரை மடங்கு கனம். பீங்கானில் உரசினால் கருஞ்சாம்பல் கோடு. அப்பாவின் கடைக்கு யாராவது இதைக் கொண்டுவந்திருந்தால் "எடுத்துட்டுப் போப்பா" என்றிருப்பார்.

பெயர் வைத்தவர் வில்ஹெல்ம் ஹைடிங்கர், ஆண்டு 1845. இந்த ஊர்க்காரர். அந்தக் கடின அளவைக் கொடுத்த ஃப்ரீட்ரிக் மோஸின் மாணவர். அவருக்கு முன்னால் ஜெர்மன் பேசும் சுரங்கக்காரர்கள் இதை "இலைத் தாது" என்றுதான் சொன்னார்கள். பக்கத்துப் பெட்டியில் இருந்த சில்வனைட்டுக்கு "எழுத்துத் தாது" என்று பெயர். அதன் படிகங்கள் பாறைமேல் கோணல்மாணலாகக் கிடப்பது யாரோ புரியாத மொழியில் கிறுக்கிவைத்தது போலவே இருக்கிறது. இலை, எழுத்து. பள்ளிக்கூடம் போகாதவன்கூடப் பார்த்ததும் அடையாளம் சொல்லிவிடுவான். பின்னால் வந்த பெயர்களில் அந்த வசதி இல்லை.

நாளை மாலை ரயில்.

நாள் 2, ரயிலில்

பகலெல்லாம் ஒன்றுமில்லை. சாயங்காலம் புக்காரெஸ்ட் போகும் ரயிலில் ஏறினோம். படுக்கை நம்மூர் மூன்றாம் வகுப்பு ஏசி மாதிரிதான், போர்வை மட்டும் சுத்தம். புடாபெஸ்ட்டில் விழித்தேன், அப்புறம் தூங்கிவிட்டேன். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும்.

இறங்கவேண்டிய ஊரின் பெயர் தேவா. "தேவா வந்துருச்சு, எழுந்திரிங்க" என்று அதிகாலையில் அவன் உலுக்கியபோது ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

நாள் 3, சக்கரிம்ப்

தேவாவில் கார் எடுத்துக்கொண்டு வடகிழக்கே மலையேறினோம். ருமேனியாவில், டிரான்சில்வேனியாவின் இந்தப் பகுதிக்கு மெட்டாலிஃபெரி மலைகள் என்று பெயர், உலோகம் தாங்கும் மலைகள் என்று அர்த்தம். ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே எரிமலைகள் இருந்தன. நெருப்பு அடங்கிய பிறகும் அடியிலிருந்து வெந்நீர் பாறை வெடிப்புகளில் ஏறி வந்துகொண்டிருந்தது. அது கரைத்துக் கொண்டுவந்ததையெல்லாம் ஆறும்போது வெடிப்புச் சுவர்களில் படியவிட்டுப் போனது. அந்த வெடிப்புகள்தான் தாது நரம்புகள்.

வழியில் செர்தெஜ். 1971 அக்டோபர் 30 அன்று இங்கே சுரங்கக் கழிவைத் தேக்கியிருந்த அணை உடைந்து சேறு ஊருக்குள் இறங்கியது. 89 பேர் இறந்தார்கள். காரை ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் நின்றோம். இன்று புல்லும் ப்ளம் மரங்களுமாக இருக்கிறது.

சக்கரிம்ப் ஊர் செங்குத்தான சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் வாசல் மட்டத்துக்கு வருகிறது. ஹங்கேரிய மொழியில் இதே ஊருக்கு நாக்யாக் என்று பெயர், 'பெரிய கிளை' என்று பொருள். எழுத்தைப் பார்த்து நாம் நாக்யாக் என்கிறோம், ஹங்கேரியர்கள் சொல்லும்போது 'நொட்யாக்' என்பதுபோல் காதில் விழும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். அப்போது இது வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ஆட்சி, அதனால்தான் இந்த மலையின் நல்ல கற்களெல்லாம் வியன்னாவில் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தச் சின்ன ஊரிலிருந்து உலகத்துக்கு முதன்முதலாக அறிமுகமான கனிமங்களை எண்ணினால் கை விரல் போதாது போலிருக்கிறது. நாக்யாகைட், கிரென்னரைட், பெட்சைட், முத்மனைட். முத்மனைட் என்று நான் சொன்னதும் "முத்து மாமாவா?" என்றான் இவன். இல்லை, ஜெர்மன் வேதியியலாளர் ஒருவர் பெயர். இவை எல்லாவற்றிலும் தங்கமும் டெல்லூரியமும் உண்டு.

அது ஏன் என்று காரில் பாடம் எடுத்தேன். தங்கம் யாரோடும் ஒட்டாது. காற்றோடு சேராது, தண்ணீரோடு சேராது. அதனால்தான் தாலி கறுப்பதில்லை. இரும்பும் ஈயமும் செம்பும் மண்ணுக்கடியில் கந்தகத்தோடு குடும்பம் நடத்தும்போது தங்கம் தனியாகவே கிடக்கும். அது கை பிடிக்கிற ஆள் என்று சொன்னால் பெரும்பாலும் டெல்லூரியம்தான். சேர்ந்துவிட்டால் மஞ்சள் போய்விடும், வெள்ளையோ சாம்பலோ ஆகிவிடும். கலவெரைட்டில் எடைக்கு நூற்றுக்கு 43 பங்குக்கு மேல் தங்கம், ஆனால் பார்த்தால் வெளிறிய பித்தளை. சில்வனைட்டில் 24 பங்கு, பார்த்தால் வெள்ளி. ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் இந்த டெல்லூரைடு கற்களை என்னவென்று தெரியாமல் பாதையில் கொட்டிவிட்டார்கள், பிறகு தெரிந்ததும் தெருவையே பெயர்த்தார்கள் என்பார்கள். கற்களைச் சூடுபடுத்தினால் டெல்லூரியம் புகையாகக் கிளம்பும், தங்கம் வியர்வை மாதிரி சின்னச் சின்ன மஞ்சள் மணிகளாக மேலே துளிர்க்கும்.

சுரங்க வேலை நின்று நாளாகிவிட்டது. குகை வாய்களில் மண் சரிந்து கிடக்கிறது, உள்ளே போகும் எண்ணமே வேண்டாம். கழிவு மேட்டில் ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்ந்ததில் எனக்குக் கிடைத்தது இளஞ்சிவப்புக் கோடு ஓடிய ஒரு துண்டு. ரோடோக்ரோசைட், மாங்கனீசு கார்பனேட். வியன்னாப் பெட்டியில் இலைகளைத் தாங்கிக்கொண்டிருந்த அதே பாறை. இலைகள்தான் இல்லை.

ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை! இறங்கும் வழியில் ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டுக் கற்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே கருஞ்சாம்பல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு சின்னக் கட்டி. நகம் பட்டால் கீறல் விழுகிறது, தகடு வளைகிறது, பக்கத்தில் எழுதியிருந்த பெயர் நாக்யாகைட். 200 லேய் (ருமேனியப் பணம்) கொடுத்து வாங்கிவிட்டேன். இதை எழுதும்போது மேசை விளக்கடியில் இருக்கிறது. அழகு.

இரவுச் சாப்பாடு மமலிகா. சோள மாவுக் களிதான், மேலே பாலாடைக்கட்டியும் புளிப்புக் கிரீமும். கருவாட்டுக் குழம்பு இருந்தால் பிரமாதமாக இருந்திருக்கும்.

நாள் 4, பிராட் போய்த் திரும்பி, மழை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

காலையில் பிராட் ஊரின் தங்க அருங்காட்சியகம். இந்த மலைகளில் கிடைத்த இயற்கைத் தங்கம், உருக்காமல் தட்டாமல் கிடைத்தது கிடைத்தபடி. இலை, கம்பி, சடை, ஒரு பல்லி வடிவம்கூட உண்டு. இவனுக்கு மிகவும் பிடித்தது. எனக்கு எல்லாம் மஞ்சளாக இருந்ததாலோ என்னவோ, சீக்கிரம் அலுத்துவிட்டது.

மத்தியானத்திலிருந்து மழை. அறையில் உட்கார்ந்து நேற்று வாங்கிய கட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கையில் வைத்தபோது ஏதோ இடறியது. ஏழரை மடங்கு கனம் என்றால் உள்ளங்கைக்குத் தெரியவேண்டும். அப்பா எடை போடுவதற்கு முன்பே கையில் தூக்கிப் பார்த்து ஒரு கணக்குச் சொல்வார். அந்தக் கை எனக்கு இல்லை, ஆனால் சந்தேகம் மட்டும் வந்துவிட்டது.

பெட்டியில் எப்போதும் ஒரு சின்ன மின் தராசு வைத்திருப்பேன், நகைக்கடைகளில் இருக்கும் வகை. கட்டி 6.11 கிராம். ஒரு பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கினேன். கட்டியைத் தையல் நூலில் கட்டி, தரையில் படாமல், சுவரில் படாமல், தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு இப்போது காட்டுவது கட்டி விலக்கிய தண்ணீரின் எடை. நாக்யாகைட் என்றால் 0.8 சொச்சம் வரவேண்டும்.

"எவ்ளோ?" என்றேன். கண்ணாடி போடவில்லை.

"ஒண்ணு புள்ளி மூணு பூஜ்யம், சித்தப்பா."

மறுபடி நூலை ஆட்டி, ஒட்டியிருந்த குமிழ்களை உதறிப் பார்த்தோம். 1.30. 6.11ஐ 1.30ஆல் வகுத்தால் 4.7. நாக்யாகைட் இல்லை. 4.7, மென்மை, வளையும் தகடு, விரலில் எண்ணெய் பட்டதுபோல் வழுக்கல்: மாலிப்டினைட். மாலிப்டினமும் கந்தகமும். பொட்டுத் தங்கம் கிடையாது. மினுமினுப்பான பீங்கான் தட்டின் மேல் தேய்த்துப் பார்த்தேன், கோட்டில் லேசாகப் பச்சை ஓடியது. அதோடு முடிந்தது.

விற்றவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தராசைப் பையில் வைத்துக்கொண்டே ஏமாந்தவன் நான். தவிர, இந்த ஏமாற்றத்துக்கு மரியாதையான பரம்பரை உண்டு. 1789இல் பால் கிடாய்பெல் என்ற ஹங்கேரிய அறிஞர், இன்றைய ஹங்கேரியின் பொர்ஜொனி மலைப்பகுதியில் கிடைத்த ஒரு தாதுவை ஆராய்ந்தார். வெள்ளி கலந்த மாலிப்டினைட் என்று பெரியவர்கள் முத்திரை குத்திவைத்த தாது. பார்த்தால் உள்ளே டெல்லூரியம். அவர்கள் டெல்லூரியத்தை மாலிப்டினைட் என்றார்கள், நான் மாலிப்டினைட்டை டெல்லூரியம் என்று வாங்கினேன்.

இரண்டும் ஏன் இப்படி ஒரே ஜாடையில் இருக்கின்றன? மழையில் யோசிக்க நேரம் கிடைத்தது. இரண்டுமே அடுக்குக் கட்டுமானம். மாலிப்டினைட்டில் கந்தகம், மாலிப்டினம், கந்தகம் என்று மூன்று தாள் சேர்ந்து ஒரு அடுக்கு. ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் பிடிப்பு குறைவு, அதனால் வழுக்கி உரிகிறது. நாக்யாகைட்டின் உள்ளமைப்பு 1999இல்தான் தெளிவாகத் தெரிந்தது. அதுவும் இந்த ஊர்ப் படிகத்தை வைத்துத்தான். ஈயமும் ஆண்டிமனியும் கந்தகமும் சேர்ந்து தடித்த ஓர் அடுக்கு. அதற்கு மேல் தங்கமும் டெல்லூரியமும் மட்டும் பரவிய மெல்லிய ஒற்றைத் தாள். மறுபடி தடித்த அடுக்கு, மறுபடி தங்கத் தாள். மைதாவுக்கு நடுவே நெய் தடவி மடித்து அடிக்கிற பரோட்டாதான். நெய் இருக்கும் இடத்தில் பிரியும்.

வகைப்படுத்துகிறவர்களுக்கு இங்கேதான் தலைவலி. 1941இல் ஹூகோ ஸ்ட்ரன்ஸ் என்ற ஜெர்மன் கனிமவியலாளர் வகுத்த கனிம அட்டவணை இன்றும் திருத்தங்களோடு புழக்கத்தில் இருக்கிறது. அதில் பெரும்பாலும் சேர்மத்தில் எதிர்மின்னூட்டப் பக்கம் இருக்கும் தனிமம் எது என்று பார்த்துத்தான் வகுப்பு. டெல்லூரியம் தனியாகக் கிடந்தால் முதல் வகுப்பு, தனிமங்கள். உலோகத்தோடு சேர்ந்தால் இரண்டாம் வகுப்பு, சல்ஃபைடுகளின் வீட்டில். ஆக்சிஜனோடு சேர்ந்து டெல்லூரைட் ஆனால் நான்காம் வகுப்பு, ஆக்சைடுகளோடு. ஒரே ஆளுக்கு மூன்று ரேஷன் கார்டு.

சில்வனைட்டும் பெட்சைட்டும் இரண்டாம் வகுப்பில் பேசாமல் உட்கார்ந்துவிட்டன. நாக்யாகைட்டுக்குள் கந்தகமும் டெல்லூரியமும் இரண்டுமே இருக்கின்றன. பழைய நூல்கள் எல்லா அணுவையும் ஒரே சட்டியில் போட்டு வாய்பாடு எழுதின, அதனால் ஒருவர் எழுதியது இன்னொருவருடையதோடு ஒத்துப்போகவில்லை. கட்டுமானம் தெரிந்த பிறகு வாய்பாட்டை இரண்டு அடைப்புக்குறியாகப் பிரித்து, கந்தக அடுக்கைத் தனியே, தங்கத் தாளைத் தனியே எழுதுகிறார்கள். இன்று அதன் இடம் சல்ஃபோ உப்புகளில் (உலோகமும் கந்தகமும் ஆண்டிமனி போன்ற ஒன்றும் சேர்ந்தவை), டின் சல்ஃபைடின் சாயலில் அடுக்கு உடையவை என்ற பிரிவில். அதாவது தடித்த அடுக்கு வென்றுவிட்டது. ஊர் பேர் வாங்கித் தந்த தங்கத்துக்கு முகவரியில் இடமில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் தர்க்கம் சரி: வீட்டின் வகையைச் சுவரை வைத்துத்தான் சொல்லவேண்டும், பீரோவில் இருப்பதை வைத்து இல்லை.

நாள் 5, ஸ்லாட்னா

ஸ்லாவிய மொழிகளில் ஸ்லாட்டோ என்றால் தங்கம். அந்தப் பெயர் கொண்ட ஊர். ரோமானியர் காலத்தில் ஆம்பெலும். அண்மைக்காலம் வரை இங்கே செம்பு உருக்காலை இருந்தது, அதன் புகை சுற்றுமலைகளை மொட்டையடித்தது. இப்போது மெல்லப் பச்சை திரும்புகிறது.

ஊருக்கு மேலே ஃபாட்சா பெய் என்ற இடம். டெல்லூரியம் என்ற தனிமம் முதன்முதலில் கையில் அகப்பட்டது இங்கேயிருந்து போன தாதுவில்தான். பாதை சேறாக இருந்ததால் பாதியிலேயே திரும்பினோம். ஆனால் கதை முழுதாகச் சொல்லத்தக்கது.

1782. ஃப்ரான்ஸ் யோசெஃப் ம்யூலர், டிரான்சில்வேனியச் சுரங்கங்களின் தலைமை அதிகாரி. இங்கிருந்து வந்த வெள்ளி நிறத் தாதுவை எல்லோரும் ஆண்டிமனி என்றார்கள். ம்யூலருக்கு அது ஆண்டிமனியாகப் படவில்லை. முதலில் பிஸ்மத் சல்ஃபைடு என்று நினைத்தார், அதுவும் சரிப்படவில்லை. மூன்று வருஷம், ஐம்பதுக்கு மேல் சோதனைகள். சூடாக்கினால் வெள்ளைப் புகை, முள்ளங்கி வாசனை. கந்தக அமிலத்தில் போட்டால் அமிலம் சிவக்கிறது, தண்ணீர் ஊற்றினால் சிவப்பு போய்க் கறுப்பாகப் படிகிறது. உப்புப் பகுப்பாய்வு வகுப்பில் எத்தனையோ நிற மாற்றங்கள் காட்டியிருக்கிறேன், இது எங்கள் பாடத்தில் இல்லை. பார்க்க ஆசை. கடைசியில் இது புது உலோகம் என்று முடிவுக்கு வந்தார். புதிர் உலோகம் என்று லத்தீனில் ஒரு தற்காலிகப் பெயர்.

உறுதி செய்து தரச் சொல்லி ஸ்வீடனின் வேதியியலாளர் டார்பெர்ன் பெர்க்மனுக்கு மாதிரி அனுப்பினார். பெர்க்மன் 1784இல் இறந்துபோனார். விஷயம் தூங்கிவிட்டது. 1798 ஜனவரியில் பெர்லினில் கிளாப்ரோத் என்ற வேதியியலாளர் மறுபடி பிரித்தெடுத்து, பூமியின் லத்தீன் பெயரிலிருந்து டெல்லூரியம் என்று பெயர் சூட்டினார். கண்டுபிடித்தவர் ம்யூலர்தான் என்று தெளிவாகச் சொன்னார். இவர் ஏற்கெனவே யுரேனியத்துக்கு யுரேனஸ் பெயரை வைத்தவர். வானத்துக்குக் கொடுத்தாயிற்று, அடுத்தது பூமி.

முள்ளங்கியில்தான் ஒரு திருப்பம். 1817இல் ஸ்வீடனில் பெர்சீலியஸ் என்ற வேதியியலாளர் ஒரு கந்தக அமிலத் தொழிற்சாலையின் கசடை ஆராய்ந்தார். முள்ளங்கி வாடை அடித்தது, அப்படியானால் டெல்லூரியம் என்று நினைத்தார். மறுபடி பார்த்தால் அது வேறு தனிமம். பூமிக்குத் துணையாக நிலாவின் பெயரை வைத்து செலினியம் என்றார். முள்ளங்கி உண்மையில் செலினியத்தின் வாசனை. அப்படியானால் பழைய டெல்லூரியங்களில் செலினியம் கலந்திருந்திருக்க வேண்டும். டெல்லூரியத்தின் சொந்த வாசனை பூண்டு. உடம்புக்குள் துளி போனாலும் மூச்சில் நாள்கணக்கில் பூண்டு நாறும்.

"அப்ப அம்பது டெஸ்ட்டுல மூக்கு ஃபெயில்" என்றான் இவன். மற்றதெல்லாம் பாஸ் என்றேன்.

பூமியின் மேலோட்டில் டெல்லூரியம் ஏறக்குறைய பிளாட்டினம் அளவுக்கு அரிது. பூமியின் பெயரை வைத்துக்கொண்டு பூமியில் அகப்படாத பொருள். இன்று இதற்காக யாரும் நாக்யாகைட்டைத் தோண்டுவதில்லை. செம்பைச் சுத்திகரிக்கும்போது தொட்டியின் அடியில் தங்கும் சேற்றிலிருந்துதான் பெரும்பகுதி வருகிறது. காட்மியத்தோடு சேர்த்துச் சூரிய மின்தகடு செய்கிறார்கள்.

நாள் 6, மீண்டும் வியன்னா

ரயில் தாமதம். தூக்கம் போதவில்லை. இருந்தும் அருங்காட்சியகத்துக்கு இன்னொரு முறை போனேன், இவனும் இந்தத் தடவை விண்கல் பக்கம் போகாமல் கூடவே வந்தான். அதே பெட்டி, அதே இலைகள். இப்போது ஓரங்களைப் பார்க்கும்போது அடுக்குகள் கண்ணுக்குத் தெரிவதுபோல் ஒரு பிரமை. தெரியாது, அது அணு அளவு.

இப்படிப் பழைய பெட்டிகளை மறுபடி திறந்து பார்ப்பது வீண்வேலை இல்லை. சக்கரிம்ப்பிலிருந்து எப்போதோ ஃப்ளாரன்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு கல்லைத் திரும்ப ஆராய்ந்து, 2004இல் புதிய கனிமம் ஒன்றை அறிவித்தார்கள். நாக்யாகைட்டின் நெருங்கிய உறவு. அருங்காட்சியகங்களின் நினைவாக அதற்கு மியூசியமைட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"அந்த டூப்ளிகேட்ட என்ன பண்ணப் போறீங்க, சித்தப்பா?"

"டூப்ளிகேட் இல்லடா. நல்ல மாலிப்டினைட்."

அதை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அடக்கினேன். ரோடோக்ரோசைட் துண்டுக்கு இன்னொன்று. அருங்காட்சியகத்தில் பழைய சீட்டைக் கிழிக்காமல் புதுச் சீட்டை மேலே வைப்பார்கள், அதனால் மேசையில் விற்றவர் எழுதித் தந்த காகிதத்தை அடியில் விட்டுவிட்டு மேலே என் கையால் எழுதிவைத்தேன்: மாலிப்டினைட். 6.11 கிராம். ஒப்படர்த்தி 4.7. வாங்கிய இடம் சக்கரிம்ப் சாலை. கிடைத்த இடம் தெரியாது.

விலை எழுதவில்லை. அந்தப் பெட்டியை வீட்டில் முதலில் திறக்கப்போவது என் மனைவி.